எலிக்கு முடி வளர்ந்த செய்தி

கரமனை ஆற்றங்கரையில் ஒரு கொடி உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் மறுபடியும் பறிக்கப் போய்விடுவார்கள்.

அதன் சாற்றை முதுகுமுடி மழித்த எலிகளுக்குத் தடவிப் பார்ப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் அப்போது என் வேலை. முதல் சுற்றில் முடி கொஞ்சம் சீக்கிரம் வளர்ந்த மாதிரி இருந்தது. அதை நகரத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் சுவரொட்டியாக வைத்தேன். தேநீர் இடைவேளையில் ஒரு நிருபர் பெண் வந்து விசாரித்தாள். "வளர்ற மாதிரி தோணறது. இன்னும் பாக்கணும்" என்று மலையாளத்தில் சொன்னேன். ஒரு படமும் எடுத்துக்கொண்டாள். பல் தெரியச் சிரித்தேன்.

மறுநாள் பத்திரிகையில், "வழுக்கைக்கு விடை கரமனை ஆற்றங்கரையில்!" 'தோணறது' போயிருந்தது, 'இன்னும் பாக்கணும்' போயிருந்தது. எலியும் போயிருந்தது. நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், ஐந்து பிரதி வாங்கினேன்.

பக்கத்து வீட்டு மாமா பத்திரிகையும் கையுமாக வந்தார். கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், தலை பளபளவென்றிருக்கும்.

"ஏண்டி கொழந்தே, நாப்பது வருஷமா வேலிக்கு அந்தண்டை இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"மாமா, அது எலிக்கு. அதுவும் இன்னும் உறுதியாகலை."

"பேப்பர்ல போட்டாச்சே!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆற்றங்கரை மொட்டையாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் மாமா தலையில் ஈரத்துண்டோடு என் வாசலில் நின்றார். துண்டை எடுத்தால், தலை முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. பதறிப்போய் ஆட்டோ பிடித்துத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, என்னை உற்றுப் பார்த்தார். "நீங்கதானே அந்தப் போட்டோல இருக்கறது?" அவருக்கும் முன்நெற்றி ஏறத் தொடங்கியிருந்தது. நான் வெட்கத்தில் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் சோதனையை மறுபடி செய்தோம். சாறு தடவிய எலிகளுக்கு முடி வளர்ந்தது. தடவாத எலிகளுக்கும் அதே வேகத்தில் வளர்ந்தது. எலிக்கு மழித்தால் வளரும், அவ்வளவுதான்.

உடனே நிருபரைக் கூப்பிட்டு, இதையும் போடச் சொன்னேன். "சேச்சி, வளரலைங்கறது வார்த்தையில்லையே" என்றாள். மலையாளத்தில் செய்திக்கு வார்த்தை என்று பெயர். வளராத முடியை யார் படிப்பார்கள் என்று அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அதனால் கோபம் இன்னும் கூடிற்று.

மாமாவிடமாவது நேரில் சொல்லிவிடலாம் என்று போனேன். புண் ஆறியிருந்தது. பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மருந்துக் கம்பெனிக்காரா மிரட்டினாளா?" என்றார்.

வேறு வழியில்லாமல், தெருவின் வாட்ஸ்ஆப் குழுவில் எல்லாவற்றையும் விளக்கமாக எழுதினேன்: சோதனை பலிக்கவில்லை, செய்தி தவறு, யாரும் தடவாதீர்கள், என் தப்பும் உண்டு. பலர் கைகூப்பினார்கள். ஒருவர் பூங்கொத்து அனுப்பினார். சாயங்காலம் இரண்டாம் தெரு மாமி தனியாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள்.

"சரி, அப்போ நரைக்குக் கேக்குமா?"