வெளியே போன பந்துக்கும் ஒரு புள்ளி

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு, நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மொன்றியல் டவுன்டவுனுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிற திறந்த விளையாட்டரங்கில் நடந்த கதை இது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும், கால்விரல்களும் கொஞ்சம் விறைக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் என் மனைவி இதைத் தன் பாணியில் சொல்லி என் மானத்தை வாங்கிக்கொண்டிருக்கிறாள். நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிட்டால் நல்லது என்று பட்டது.

என் மகள் தன்னோடு படித்த ஒரு பெடியனைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றாள். பெடியன் இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரன். நான் முதலில் குதித்தேன். பிறகு மகளோடு இரண்டு மாதம் கதைக்காமல் இருந்தேன். அதற்குப் பிறகு மனைவி என்னோடு கதைக்காமல் இருந்தாள். அது எனக்கு மூன்று நாள்தான் தாங்கியது. சரி, பெடியனின் தகப்பனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கோ என்று இறங்கி வந்தேன்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அவர் தனியாகத்தான் வந்தார். பெடியனின் தாய் காலமாகி நான்கு வருடம். ஓய்வு பெற்ற பஸ் சாரதி, பெரிய மீசை, பெரிய கை. ஆட்டிறைச்சிக் கறியைச் சாப்பிட்டுக் கண்ணால் தண்ணீர் ஓட ஓட, மிக நன்றாக இருக்கிறது என்றார். அதற்கு மேல் என்ன கதைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. என்னுடைய பிரெஞ்சு புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்கிற களஞ்சியசாலையில் பிடித்த பிரெஞ்சு. 'பெட்டியை இங்கே வை', 'பாரம், கவனம்' என்பதற்கு அப்பால் அது போகாது. சம்பந்தியிடம் அதைச் சொல்ல முடியுமா? அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போல நொண்டிதான்.

மேசையில் எல்லோரும் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அவர் கேட்டார், உங்களுக்குப் புட்போல் பிடிக்குமா என்று.

என் காதில் தேன் பாய்ந்தது. யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூட அணிக்கு இடது பக்க முன்வரிசை ஆட்டக்காரன். பிறகு எங்கள் ஊர்க் கழகத்துக்கும் ஆறு வருடம் விளையாடியவன். பிடிக்குமாவோ? நான் விளையாட்டுக்காரன் ஐயா என்று எழும்பி நின்று சொன்னேன். போதாததற்குக் காற்சட்டையை உருட்டி, ஓர் இறுதியாட்டத்தில் கிழிந்த இடது முழங்கால் தழும்பையும் காட்டினேன். மனிதர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். தன்னுடைய காற்சட்டையையும் உருட்டினார். அவருக்கும் முழங்காலில் தழும்பு, அதுவும் இடது முழங்கால். கல்லூரி நாட்களில் புட்போல் விளையாடி முறிந்ததாம். இரண்டு கிழவர்கள் சாப்பாட்டு மேசையில் முழங்காலைக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து மகள் கண் கலங்கிவிட்டாள். போகும்போது அவர், நவம்பரில் கிழக்குப் பகுதியின் சாம்பியனை முடிவு செய்கிற ஆட்டம் எங்கள் நகரத்து அணி முதலிடத்தில் வந்தால் இங்கேதான் நடக்கும், அப்போது நீங்கள் என்னோடு வரவேண்டும் என்றார். கட்டாயம் வாறன் என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாசல் கதவு சாத்தியதும் மகள் சொன்னாள், இந்த நாட்டில் புட்போல் என்றால் அது நாங்கள் விளையாடின உதைபந்து இல்லை என்று. எங்களுடையதற்கு இங்கே சொக்கர் (soccer) என்று பெயர். இவர்களின் புட்போல், முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆளை ஆள் மோதி விழுத்துகிற விளையாட்டு. இருபத்தைந்து வருடம் இந்த ஊரில் இருந்தவனுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும்தான். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்தபோது எனக்கு யாழ்ப்பாணத்து மைதானம்தான் கண்ணுக்குத் தெரிந்தது, நான் என்ன செய்ய?

"இஞ்சாருங்கோ, அந்த மனுசனுக்கு உண்மையைச் சொல்லி விடுங்கோவன்" என்றாள் மனைவி.

"இப்ப போய்ச் சொன்னால் என்னைப் பொய்யன் எண்டெல்லோ நினைப்பார்?" என்றேன்.

மகள் பாவம், விளையாட்டின் விதிகளை விளக்குகிற காணொளி ஒன்றை என் போனுக்கு அனுப்பினாள். விளையாட்டுத் தெரிந்தவனுக்கு விளையாட்டைச் சொல்லிக் குடுக்கிறியோ என்று கேட்டுவிட்டு, நான் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. அந்தத் திமிருக்குத்தான் பிறகு எனக்குக் கிடைத்தது.

எங்கள் அணி அந்த ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. அன்று காலையில் மகள் என் கழுத்துப் பட்டியைச் சரி செய்தபடி மெல்லச் சொன்னாள். "அப்பா, அவர் தன்ரை சிநேகிதர் எல்லாருக்கும் உங்களைப் பற்றிச் சொல்லி வைச்சிருக்கிறார். இண்டைக்கு மட்டும் குழப்பிப் போடாதேங்கோ." ஓம் என்றேன். வாழ்க்கைப்படப் போகிற வீட்டில் தன் அப்பாவைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற பயம் அவளுடைய முகத்தில் அப்படியே தெரிந்தது.

சம்பந்தியோடு முதன்முதலில் வெளியே போகிறோம், வெறுங்கையோடு போகலாமா? மனைவி ஒரு காட்போட் பெட்டி நிறைய வடையும் பயற்றம் பணியாரமும் அடுக்கித் தந்தாள். நானும் கல்யாண வீட்டுக்குப் போகிறவன் போல மினுக்கின கறுப்புத் தோல் சப்பாத்துப் போட்டேன். வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது. பச்சை வழி மெட்ரோவில் ஏறி உட்கார்ந்ததும் சம்பந்தியின் பார்வை என் சப்பாத்தில் இரண்டு தரம் விழுந்து எழும்பியது. எவ்வளவு மினுக்கம் என்று பார்க்கிறார் போலும் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அரங்குக்குப் போகிற வழியில் ஒரு பூங்காவில் அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேர் காத்து நின்றார்கள். முகத்தில் நீலமும் சிவப்பும் பூசியிருந்தார்கள். இவர்தான் நான் சொன்ன ஆட்டக்காரர் என்று சம்பந்தி என்னை முன்னால் தள்ளினார். உடனே ஒருவர் இருபதடி தள்ளிப் போய் நின்று, கையில் இருந்த முட்டைப் பந்தை என்னை நோக்கி விசுக்கென்று எறிந்தார்.

அதைக் கையால் பிடிக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லையே! பழைய பழக்கத்தில் இரண்டு கையையும் பின்னால் விரித்து, நெஞ்சை நிமிர்த்திப் பந்தை மார்பில் வாங்கினேன். அது நெஞ்சில் குத்திவிட்டுக் கோணல்மாணலாகக் கீழே இறங்கியது. விடாமல் இடது காலால் ஓர் உதை. பந்து ஒரு மேப்பிள் மரத்தில் பட்டுத் திரும்பி வந்து எனக்குப் பின்னால் விழுந்தது. பிறகு சம்பந்தி பலமாகச் சிரித்து, இவர் பகிடிக்காரர் என்று சொன்னேனே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பெரிய பகிடி விட்டவன் போலச் சிரித்தேன். உள்ளுக்குள் வியர்த்தது.

வடையும் பணியாரமும் ஐந்து நிமிடத்தில் பறந்துவிட்டன. வெறும் பெட்டியை நான் குப்பைத்தொட்டியில் போடப் போனேன். சம்பந்தி அதைப் பறித்து, மட்டமாக மடித்துத் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. பத்து விநாடி விளையாடுவார்கள், எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள், பிறகு வட்டமாகக் கூடி நின்று குசுகுசுப்பார்கள். எங்கள் பழைய மாணவர் சங்கக் கூட்டம் மாதிரித்தான், கதை கூட, காரியம் குறைவு. சம்பந்தி கை தட்டினால் நானும் தட்டினேன். அவர் தலையில் அடித்தால் நானும் அடித்தேன். அரை விநாடி பிந்தித்தான், ஆனாலும் சமாளித்தேன் என்று வையுங்கோவன்.

சமாளிக்க முடியாதது குளிர்தான். கொங்கிரீட் தளத்தில் இருந்து அது தோல் சப்பாத்துக்குள் ஏறிக்கொண்டே இருந்தது. முதலில் விரல்கள் குத்தின, பிறகு நொந்தன, பிறகு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாமல் போனபோதுதான் எனக்குப் பயம் வந்தது. ஆனால் பழைய ஆட்டக்காரன் குளிருது என்று சொல்வானா? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இடைவேளைக்கு எழும்பினேன். கால் நிற்கவில்லை, அவருடைய தோளில் சாய்ந்துவிட்டேன். மனிதர் என்னை அணைத்துக் கூட்டிக்கொண்டு போய், படிகளுக்குக் கீழே காற்றுப்படாத ஓர் இடத்தில் நீள வாங்கு ஒன்றில் உட்கார வைத்தார். எனக்கு முன்னால் அந்த முறிந்த முழங்காலை மடித்துக் குந்தினார். என் சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து அந்தப் பெரிய கைகளால் தேய்க்கத் தொடங்கினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் காலைத்தான் பெண் வீட்டார் கழுவுவார்கள். இங்கே மாப்பிள்ளையின் தகப்பன் பெண்ணின் தகப்பனுடைய காலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறார்! வேண்டாம், வேண்டாம் என்று காலை இழுத்தேன். சும்மா இருங்கள் என்று அதட்டினார். பிறகு சட்டைப்பையில் இருந்து இரண்டு பாண் பைகளை எடுத்தார். கடையில் பாண் ரொட்டி சுற்றி வருமே, அந்தப் பிளாஸ்டிக் பைகள்தான். தன்னுடைய காலுக்கென்று கொண்டுவந்தவை. காலுறைக்கு மேலே ஒவ்வொன்றாக மாட்டிச் சப்பாத்தைப் போட்டுவிட்டார். சின்ன வயதில் என் அம்மா இப்படித்தான் மாட்டி விடுவார், மெட்ரோவில் உங்கள் சப்பாத்தைப் பார்த்தபோதே நினைத்தேன் என்றார்.

திரும்பி வந்ததும் ஜாக்கெட்டுக்குள் இருந்த பெட்டியை எடுத்து என் காலுக்குக் கீழே விரித்தார். இருபது வருடமாகக் காட்போட் பெட்டி தூக்குகிறேன், அது குளிரை மறிக்கும் என்று எனக்குத் தெரியாது. வடையின் எண்ணெய் ஊறின பெட்டியில் காலை வைத்தபடி உட்கார்ந்தேன். உயிர் வந்தது.

அவர் கோப்பி வாங்கப் போன நேரம் பின் வரிசையில் இருந்த சிநேகிதர்களில் ஒருவர் என் காதுக்குள் சொன்னார். நான் இருக்கிற கதிரை சம்பந்தியின் மனைவியுடைய கதிரையாம். நான்கு வருடமாக இரண்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாகவே வைத்திருந்தாராம். இன்றைக்குத்தான் ஒருவரை அதில் இருத்தியிருக்கிறாராம், என்னை.

அதைக் கேட்டபிறகு எனக்கு உண்மையாகவே இருக்க முடியவில்லை. இல்லாத ஆட்டக்காரனுக்கு மனிதர் தன் மனைவியின் கதிரையைத் தந்திருக்கிறாரே! சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறப்பேன், மகளின் முகம் ஞாபகம் வரும், மூடிவிடுவேன். கோப்பி ஆறிப்போனது.

கடைசி விநாடிகள். இரண்டு அணிக்கும் சமமான புள்ளிகள். எங்கள் அணியின் உதைகாரர் தூரத்தில் இருந்து உதைக்க வந்தார். மஞ்சள் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவால் பந்து போனால் வெற்றி, அவ்வளவு எனக்கும் விளங்கியிருந்தது. அரங்கு முழுக்க மூச்சைப் பிடித்தது. இது காலால் உதைக்கிற பந்து, இது என் பக்கத்து விளையாட்டு! நான் பெட்டிக்கு மேலே எழும்பி நின்றேன்.

உதைத்தார். பந்து உயர்ந்தது, காற்றில் வளைந்தது, வலது கம்பத்துக்கு வெளியால் போய்ப் பின்கோட்டுக்கும் அப்பால் விழுந்தது.

"ஐயோ! வெளியிலை அடிச்சுப் போட்டானே பாவி!" என்று தமிழில் கத்திக்கொண்டு, தலையில் இரண்டு கையையும் வைத்துக் கதிரையில் விழுந்தேன். கண்ணீரே வந்துவிட்டது. தலையை நிமிர்த்திப் பார்த்தால், ஆயிரக்கணக்கான சனம் துள்ளுகிறது! முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடிக்கிறார்கள். முகத்தில் நீலம் பூசிய மூன்று பேரும் துள்ளுவதை விட்டுவிட்டு, அந்தச் சந்தோஷக் கடலுக்கு நடுவில் இழவு வீட்டுக்காரன் போல உட்கார்ந்திருந்த என்னையே பார்க்கிறார்கள்.

என் மானம் அங்கேயே கப்பலேறியது. சம்பந்தி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மீசையில் பனி ஒட்ட ஒட்டச் சிரித்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? அவருடைய கையைப் பிடித்து, தெரிந்த ஆங்கிலம், தெரிந்த பிரெஞ்சு எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லிவிட்டேன். இந்த விளையாட்டு எனக்குத் தெரியாது, நான் விளையாடினது சொக்கர், மன்னியுங்கள், பொய் என்னுடையது, என் மகள் பொய் சொல்லத் தெரியாதவள் என்று.

எனக்குத் தெரியும், பூங்காவில் பந்தை நெஞ்சில் வாங்கினீர்களே, அப்போதே தெரியும் என்றார்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என் இடது முழங்காலில் தட்டினார். இது பொய் சொல்லவில்லையே என்றார்.

பிறகுதான் விதியை விளக்கினார். கம்பத்துக்கு நடுவால் போனால் மூன்று புள்ளி. தவறினாலும், பந்து பின்கோட்டைத் தாண்டும் அளவுக்குத் தூரம் போய்விட்டால் ஒரு புள்ளி. சமநிலையில் நின்ற எங்களுக்கு அந்த ஒன்று போதுமாக இருந்தது. இப்போது அந்த விதியை மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மெட்ரோ வாசலில் நாங்கள் நிற்க, வீட்டில் இருந்து மகள் போன் எடுத்தாள். "அப்பா, குழப்பிப் போட்டியளோ?"

"ஓம் பிள்ளை, நல்லாக் குழப்பிப் போட்டன். ஆனால் ஒரு பொயின்ற் கிடைச்சிட்டுது" என்றேன். ஒன்றும் விளங்காமல் அவள் அழத் தொடங்க, சம்பந்தி போனை வாங்கி அவளுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த கோடையில் முருகன் கோயிலில் கல்யாணம் நடந்தது. வேட்டி அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார் சம்பந்தி. பெண்ணின் தம்பி முறையில் என் மகன் மாப்பிள்ளையின் காலைக் கழுவியபோது அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் தன் மடியில் என் காலை ஏந்திய அந்தக் கடன் அதோடு தீராது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் ஒவ்வொரு நவம்பரிலும் அந்தக் கதிரையில் இருக்கிறேன், மடித்த காட்போட் பெட்டியும் இரண்டு சோடிப் பாண் பைகளும் இப்போது நான்தான் கொண்டு போகிறேன். நான் உதைத்த பந்து கோணலாகத்தான் போனது, ஆனால் அது விழுந்த இடத்தில் அதற்கும் ஒரு புள்ளி போட ஒரு நல்ல மனிதர் நின்றார்.