பழைய பேருக்கு மேல் ஒரு கொடி

இருட்டிய பிறகு, பல் டாக்டர் ரூமில் கேட்பதுபோல ‘ர்ர்ர்’ரென்று ஒரு சத்தம் பின்வீட்டிலிருந்து வந்தால் பயந்துவிடாதீர்கள், பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர்களுக்கு அந்த வருஷம் வேலை அதிகம், அதுவும் பேர் வெட்டுவதைவிட, வெட்டிய பேரை அழிக்கிற வேலை. 2009-இல் அஸ்தினாபுரத்தில் அந்தச் சத்தம் எங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. அதைக் கேட்டு அதிகம் பயந்தவளும் நான்தான்.

எல்லாரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். மாதச் சம்பளத்தை நம்பி அந்த வருஷத்தைத் தாண்டி வந்தவர் நீங்கள் என்றால், நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது. என் கணவர் ரமேஷ் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் உட்கார்ந்திருந்த வரிசை முழுவதையும் கூப்பிட்டு, கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள். குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். குரோம்பேட்டை ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டு, அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டின் பின்பக்கம் ஒற்றை அறையும் சமையலறையுமாக இருந்த போர்ஷனுக்கு வந்தோம். ரமேஷ் வீட்டாரிடம் வேலை போனதையும் சொல்லவில்லை, வீடு மாறியதையும் சொல்லவில்லை. அவருடைய தங்கை விஜியைப் பெருங்களத்தூரில் கொடுத்தபோது, “அண்ணன் இருக்கான், எல்லாம் பார்த்துப்பான்” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அவர்கள் ஃபோன் செய்தால், “ஃப்ளாட்ல பெயிண்ட் அடிக்கிறாங்க, இப்ப வராதீங்க” என்போம். எந்த ஃப்ளாட்டுக்கு மாதக்கணக்கில் பெயிண்ட் அடிப்பார்கள்? அதை யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு ஃபோனையும் சீக்கிரமே வைத்துவிடுவோம். ரமேஷ் சொன்னது இது: “வேலை போச்சுன்னா அம்மா நாலு நாள் அழுவாங்க, ஆறிடும். இத்தனை நாள் பொய் சொன்னோம்னு தெரிஞ்சா விஜி மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

தையல் வகுப்பில் படித்தது

தாம்பரம் மார்க்கெட்டில் நூர் பாயின் பாத்திரக் கடைக்கு நான் போனது வேலை கேட்டு அல்ல. கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்தில் இரண்டை விற்கலாம் என்று போனேன். அவரிடம் பேர் வெட்டிக்கொண்டிருந்தவர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. கடையில் நின்ற ஒருவருக்காக நான் சீட்டில் எழுதிக் கொடுத்த பேரைப் பார்த்துவிட்டு, கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கிறதே என்று பேர் வெட்டும் மெஷினைக் கையில் கொடுத்துவிட்டார். பேனா மாதிரிதான் இருக்கும், ஆனால் கை முழுக்க அதிரும்.

ஒரு வாரத்திலேயே புரிந்துவிட்டது. புதுப் பாத்திரம் வாங்கிப் பேர் வெட்டச் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கும் பழைய கல்யாணப் பரிசையே இன்னொரு விசேஷத்துக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்து, “இந்தப் பேரை எடுத்துட்டு எங்க பேரைப் போட முடியுமா?” என்று மெதுவாகக் கேட்கிறவர்கள் அதிகம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மோட்டாரில் சுற்றும் துணிச்சக்கரத்தில் பிடித்தால் பேர் போய்விடும், தழும்பு போகாது. வெளிச்சத்தில் காட்டினால் மங்கலாகத் தெரியும். எனக்கு கான்வென்ட் தையல் வகுப்பு ஞாபகம் வந்தது. கைக்குட்டை ஓரத்தில் போட ஸிஸ்டர் எங்களுக்கு ஒரே ஒரு டிசைன்தான் சொல்லிக் கொடுத்தார்: வளைந்த கொடி, நாலு இலை, நுனியில் ஒரு மொட்டு. அதைத் தழும்பின் மேல் வெட்டினேன். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கான்வென்ட்டுக்கு உங்கப்பா கட்டின ஃபீஸு வீண் போகலம்மா. இது பழசுன்னு இனி அல்லாவுக்கும் உனக்கும் எனக்கும்தான் தெரியும்.”

இங்கிலீஷ் வேண்டாம்

கடையில் நாலு பேர் முன்னால் கேட்கக் கூச்சப்படுகிறவர்களை, ஒரு சீட்டில் வழி எழுதிக் கொடுத்து, இருட்டிய பிறகு எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு அனுப்பிவைப்பார் பாய். அவர்கள் கதவைத் தட்டினால் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்ப்பார் என்பதால், ஒன்பது மணிவரை தாழ்ப்பாள் போடாமல் சாத்தி மட்டும் வைத்திருப்போம். ரமேஷ் இன்டர்வியூ என்று வெளியே போன நாட்களில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். வருகிறவர் பாத்திரத்தோடு வருகிறாரா, சும்மா வருகிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஒரு நாள் ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். காரை எங்கேயோ பால் பூத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தாள். தோளில் லேப்டாப் பை. அதைத் திறந்து, லேப்டாப் இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்தாள். என்றைக்குக் கிடைக்கும் என்று இங்கிலீஷில் கேட்டாள். எனக்கும் பழக்கதோஷம், வியாழக்கிழமை ஆகும் என்று இங்கிலீஷிலேயே பதில் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. என்னையும், தொட்டிலாகக் கட்டியிருந்த புடவையையும், உப்புத்தாளையும் பார்த்தாள். “தயவுசெஞ்சு நீங்க இங்கிலீஷ் பேசாதீங்க. எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கு.”

சிட்லபாக்கம் சார்

எல்லாரும் இருட்டில் வந்தார்கள் என்று நினைக்காதீர்கள். சிட்லபாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு ரிட்டயர்ட் சார் பட்டப்பகலில், கடை வாசலிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டு, “பேர் அழிக்கணும்மா!” என்று மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவார். கையில் ஒரு நீள நோட்டு. மகள் கல்யாணத்துக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று அதில் எழுதி வைத்திருந்தார். கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பிப் போய்விடக் கூடாதாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு டிக் போட்டுவிட்டுத்தான் என் கையில் கொடுப்பார்.

“உங்களுக்குச் சங்கடமா இல்லையா சார்?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். உண்மையில் எனக்காகத்தான் கேட்டேன். அவர் சிரித்தார். “முப்பது வருஷமா என்னைக் கஞ்சப் பிசினாரின்னு பேசின தெரும்மா அது. இப்போ அத்தனை பேரும் ராத்திரி எட்டு மணிக்கு மேல வந்து, ‘சார், அந்த நோட்டு எப்படி எழுதறது’ன்னு கேக்கறா.”

அழிக்க வேண்டாத பேர்

ஒரு மத்தியானம் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் ஒரு எவர்சில்வர் குடத்தோடு கடைக்கு வந்தாள். வீட்டு வேலை செய்கிறவள். குடத்தின் கழுத்தில் ஏதோ ஒரு அம்மாவின் பேர். “இந்தப் பேரை எடுத்துடட்டுமா அக்கா?” என்று உப்புத்தாளை எடுத்தேன்.

“அய்ய, அத்த எடுக்காத. அது அப்டியே இர்க்கட்டும். அதுக்குக் கீழ ‘குடுத்தாங்க’ன்னு போட்டு, அதுக்கும் கீழ எம்பேரு போடு, தேவின்னு.”

எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் வேலை செய்த வீட்டில் கொடுத்தது என்பது மட்டும் புரிந்தது, உப்புத்தாளைக் கீழே வைத்தேன். ஃப்ளாட்டைக் காலி செய்தபோது எங்கள் வீட்டில் வேலை பார்த்த அம்மாவிடம், “பெங்களூர் போறோம்” என்று சொல்லி, சம்பளத்தில் குறைந்ததற்கு ஒரு பழைய புடவையைக் கொடுத்து அனுப்பியவள் நான். தேவி குடத்தைத் தரையில் வைத்தாள். “அவங்க வூட்டுக்காரருக்கு வேல இல்லன்னு அந்தம்மா சம்பளத்துல கொறச்சிக்கினு, பதிலுக்கு இத்த குட்த்துச்சு. நாளிக்கி அவங்களுக்கு நல்ல காலம் வந்து, ‘எங்கூட்டு கொடம் உங்கூட்டுக்கு எப்டி வந்துச்சு’ன்னு கேட்டா நா இன்னா சொல்றது?”

தாய்மாமன் சீர்

மாசியில் விஜியின் பையனுக்குக் காது குத்து. தாய்மாமன் ரமேஷ். மடியில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும், சீர் வைக்க வேண்டும். என் மோதிரத்தை அழித்துப் பிள்ளைக்குத் தோடு வாங்கியாகிவிட்டது. சீர்த்தட்டு? என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த ஏழு தாம்பாளங்கள் பரணில் இருந்தன. ஒவ்வொன்றிலும் ‘சுபா’ என்று என் பேர்.

வீட்டு வேலைக்காகப் பாய் கொடுத்திருந்த மோட்டாரைப் போட்டு, ரமேஷ் முதல் தாம்பாளத்தைச் சக்கரத்தில் வைத்தார். உடனே நிறுத்திவிட்டார். “உன் பேரா இருக்கே” என்றார். நான் வாங்கி நானே பிடித்தேன். ஊரார் பேரையெல்லாம் அழித்த கைக்கு இது மட்டும் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஏழாவது தாம்பாளம் முடியும்போது, பாலிஷ் கறுப்பு ஒட்டிய புறங்கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து முகமும் கறுப்பாகிவிட்டது. குழந்தை என்னைப் பார்த்து அழுதான். ஏழு தழும்பு, ஏழு கொடி.

மண்டபத்தில் தாம்பாளங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். “எம்மவன் எவ்வளவு செஞ்சிருக்கான் பாருங்க” என்று என் மாமியார் வந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினார். ரமேஷ் மடியில் இருந்த பையனையே பார்த்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. விஜி ஒரு தாம்பாளத்தை எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். கட்டைவிரலால் கொடியைத் தடவினாள். “இந்த டிசைன் எங்க கிடைச்சுது அண்ணி? எந்தக் கடையிலயும் பார்த்ததில்லையே” என்றாள். தி.நகர் என்றேன், நாக்கு கூசாமல். அவள் தாம்பாளத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். “உங்களுக்கென்ன அண்ணி, மாசம் பொறந்தா அண்ணன் சம்பளம் வந்துடுது. பார்த்துப் பார்த்து வாங்கலாம்.”

நாலு தூக்கு, ஒரே கொடி

அடுத்த வாரம் கடைக்குப் போனால் பாய் கல்லாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். சேலையூரில் ஒரு கிரகப்பிரவேசமாம். நாலு பெண்கள் ஆளுக்கொரு தூக்குப் பாத்திரம் பரிசு கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் நாலையும் ஒரே அலமாரியில் அடுக்கியிருக்கிறார்கள். நாலிலும் வளைந்த கொடி, நாலு இலை, நுனியில் ஒரு மொட்டு. நாலு பெண்களும் முதலில் அலமாரியைப் பார்த்து, பிறகு ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். “கொடி போட்டதா?” என்றால் என்ன அர்த்தம் என்று இப்போது தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும் தெரியுமாம்.

பெருங்களத்தூர் விஜி இருக்கிற ஊர். தழும்பை மறைக்க நான் போட்ட கொடியே ஊரில் அடையாளமாகிவிட்டது. விஜி தடவிப் பார்த்த அந்தக் கட்டைவிரல் கண்ணுக்குள் வந்து நின்றது. “வேற டிசைன் போட்டுடறேன் பாய், இது வேண்டாம்” என்றேன். எனக்கு வேறு டிசைன் தெரியாது என்பது வேறு விஷயம். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீ ஏம்மா பேஜார் ஆவுற? அந்த நாலு பேரும் மறுநாளே வந்து ஆளுக்கு ரெண்டு பாத்திரம் குடுத்துட்டுப் போயிருக்காங்க. தனியா மாட்டுனாதானே வெக்கம்?”

பின்கதவு

அதற்கப்புறம் காற்றில் கதவு அசைந்தாலும் எழுந்து போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் ஏழரை மணி இருக்கும். ரமேஷ் சமையலறையில் சக்கரம் ஓட்டிக்கொண்டிருந்தார். கதவு மெல்லத் திறந்தது. தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், கையில் ஒயர்கூடை. கூடையிலிருந்து ஒரு பெரிய சம்புடத்தை எடுத்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் அவசர அவசரமாகப் பேசினாள்.

“பாய் அனுப்பினாரும்மா. கொடி போடுறவங்க நீங்கதானே? வீட்டுக்காரருக்கு மறைமலை நகர்ல வேலை, தீபாவளியிலேர்ந்து வாரத்துக்கு மூணு நாள்தான் ஃபேக்டரி. நாத்தனார் வீட்டு விசேஷம் வருது. நான் இந்த மாதிரியெல்லாம் செய்யறவ இல்ல. எங்க அண்ணியே கொடி போட்டதுதான் சீர் வெச்சாங்க, அவங்களே சிக்கனமா இருக்கிறப்ப நமக்கென்னன்னு…”

நிமிர்ந்தாள். “அண்ணி?” என்றாள் விஜி.

அவள் சம்புடத்தை முந்தானைக்குள் மறைத்தாள், நான் பார்க்காதது போல. நான் என் கறுத்த கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன், அவள் பார்க்காதது போல. சக்கரம் நின்றது. முகமெல்லாம் கறுப்போடு ரமேஷ் வெளியே வந்து நின்றார். தங்கையைப் பார்த்தார். பழக்கம் விடவில்லை, “விஜி… ஃப்ளாட்ல பெயிண்ட்…” என்று ஆரம்பித்தார்.

“சும்மா இருண்ணா” என்றாள் அவள். கண் நிறைந்துவிட்டது. அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அடுக்கி வைத்த ஊரார் பாத்திரங்கள், தொட்டில், ஸ்டவ். யாரை ஏமாற்றியதற்கு யார் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் மூன்று பேரும் நின்றோம். நான் தரையைத்தான் பார்த்தேன். அதைவிட வெட்கப்பட்ட நாள் எனக்கு முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. அப்போது வெளியே ஜல்லி மேல் செருப்புச் சத்தம் கேட்டது. விஜி சட்டென்று குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “கதவை முதல்ல சாத்துங்க அண்ணி. யாராவது பார்த்துடப் போறாங்க.”

வெளியே நிற்பது பாய் அனுப்பிய இன்னொருவராக இருக்கலாம் என்று தெரிந்தும், யாருக்குப் பயந்து இத்தனை நாள் ஒளிந்துகொண்டிருந்தோமோ அவளையே உள்ளே வைத்துக்கொண்டு, ஒன்பது மணி ஆவதற்கு முன்னால் முதல் தடவையாக உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.