வெண்ட்லரின் வெள்ளீயம்

ஏர்ட்மன் வெண்ட்லரைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர்கள் எங்கள் பக்கத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான், எழுதவே கூடாதவனும் நான்தான். ஸ்டைன்ரோடாவில் முப்பத்தெட்டு வருடம் ஈயத்தட்டும் குவளையும் வார்த்துப் பிழைத்த கொன்ராட் லேமன் நான். அந்த மனிதனின் பெயரைக் கெடுத்த முதல் வாய் என்னுடையது. அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

வெண்ட்லர் ஆலைச் சக்கரம் பழுதுபார்க்கும் ஒருவரின் ஐந்தாவது பிள்ளை. பன்னிரண்டு வயதில் ஹோன்ஃபெல்ட் நகரத்தில் கோயில்களுக்குக் குழல் ஆர்கன் செய்யும் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். வேலை கற்று முடித்ததும் வழக்கப்படி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு வருடம் ஊர் ஊராக நடந்தார். திரும்பி வந்தபோது பழைய மேஸ்திரி செத்துப்போயிருந்தார். பட்டறை வேண்டுமானால் மேஸ்திரியின் விதவையைக் கட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் எங்கள் பக்கத்து நடைமுறை. ரெகினா அவரைவிடப் பதினான்கு வயது மூத்தவள். கல்யாணத்தன்று பட்டறை ஆட்கள், "மாப்பிள்ளைக்குப் பொண்டாட்டியும் கிடைச்சா, அம்மாவும் கிடைச்சா" என்று பாடிச் சிரித்தார்களாம். அவர் சிரிக்கவில்லை. அன்று மத்தியானமே துருத்திக்குத் தோல் ஒட்டப் போய்விட்டார் என்று ரெகினாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

பிள்ளை இல்லை. இருபது வருடத்தில் பதினோரு ஆர்கன் செய்தார். எல்லாம் சின்னக் கோயில்களுக்கு. பெரியதாக ஒன்று செய்ய வாய்ப்புக் கிடைத்தது எங்கள் ஊரில்தான், ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறாம் வருடம். முகப்புக் குழல்கள் முப்பத்தொன்றும் சுத்த வெள்ளீயத்தில் இருக்க வேண்டும், காரீயம் ஒரு துளியும் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னவரே அவர்தான். சபைப் பெரியவர்கள் கேட்கக்கூட இல்லை. பக்கத்துச் சபைகளில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு காரீயம் கலந்துதான் குழல் இருந்தது. கலந்தால் வேலை சுலபம், தகடு சொன்னபடி கேட்கும்.

"எதுக்கு மேஸ்திரி இவ்வளவு பிடிவாதம்? மேல நிக்கிற குழலை யார் கிட்டப் போய்ப் பார்க்கப் போறாங்க?" என்று போதகர் ஹார்ட்விக் கேட்டாராம்.

"நான் பார்ப்பேனே ஐயா" என்றாராம் இவர்.

இப்படிப்பட்ட பதில்கள் அவருக்கு நாக்கு நுனியில் இருக்கும். ஆளைப் பிடிக்காமல் போவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

ஆர்கன் செய்ய வருகிற மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் ஊர்தான் சோறு போடவேண்டும். வாரம் ஒரு வீடு என்று முறை. அறுவடை முடிந்த சமயம் என் வீட்டு முறை வந்தது. என் மனைவி முட்டைக்கோஸ் சூப்பும், உலர்ந்த பிளம் பழம் வைத்த உருண்டையும், இரத்தத் தொத்திறைச்சியும் செய்து வைத்திருந்தாள். நான் வார்த்ததிலேயே நல்ல தட்டுகளை எடுத்து வைத்தேன். வெண்ட்லர் உட்கார்ந்தார், ஜெபம் பண்ணினார், அப்புறம் கரண்டியை எடுப்பதற்குப் பதிலாக என் தட்டின் விளிம்பை நகத்தால் தட்டினார். காதைச் சாய்த்து மறுபடியும் தட்டினார்.

"லேமன், இதுல காரீயம் கொஞ்சம் ஜாஸ்தி போல?"

அவருடைய மூன்று ஆட்கள், என் மாமனார், என் மனைவி, எல்லோரும் இருந்தார்கள். ஒருத்தன் சூப்புக்குள் சிரித்தான்.

"பத்துப் பங்கு வெள்ளீயத்துக்கு ஒரு பங்குதான். சட்டத்துல சொல்லியிருக்கிற அளவு" என்றேன்.

"ஆறுக்கு ஒண்ணு இருக்கும்" என்றார். கோபமே இல்லை. வானம் மூடியிருக்கிறது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஆறரைக்கு ஒன்று. அதுதான் உண்மை. இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்வதில் எனக்கு என்ன நஷ்டம்? அன்றைக்கு என் முகம் எரிந்த எரிச்சல் மட்டும் இன்னும் ஆறவில்லை. அந்த வாரம் முழுவதும் அவர் என் வீட்டில்தான் சாப்பிட்டார். என் மாமனார் ஒவ்வொரு வேளையும், "என்னப்பா, இன்னிக்கு உருண்டையில எத்தனை பங்கு காரீயம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆர்கன் மறு வருடம் பெந்தெகொஸ்தே அன்று பிரதிஷ்டையானது. பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு நாதத்தை நான் அதுவரை கேட்டதில்லை. கீழே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நெஞ்சு தானாக அதிர்ந்தது. முகப்புக் குழல்கள் வெள்ளித் தூண்களாக மினுங்கின. விசைப்பலகைக்கு மேல் ஒரு மரச்சட்டத்தில், 'ஏர்ட்மன் வெண்ட்லர் என்னைச் செய்தான்' என்று பொன் எழுத்து. ரெகினா பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்து அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு குளிர்காலம் சரியாக இருந்தது. மூன்றாவது, ஐம்பதாம் வருடம் ஜனவரி, எங்கள் ஊர்க் கிழவர்களே பார்த்திராத குளிர். காக்கைகள் கிளையிலிருந்து விறைத்து விழுந்தன. கோயிலில் அப்போது அடுப்பு கிடையாது, ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீர் கல்லாகிவிட்டது. பிப்ரவரியில் பனி இளகியபோது ஆர்கன் வாசிக்கிற பள்ளி வாத்தியார் ஓடிவந்தார். நடுக்குழலில் சாம்பல் நிறத்தில் கொப்புளங்கள். விரல் வைத்தால் பொடியாக உதிர்கிறது. ஒரு வாரத்தில் ஐந்து குழல், ஒரு மாதத்தில் பன்னிரண்டு.

உலோகம் தெரிந்தவன் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஏணியில் ஏறிப் பார்த்தேன். ஈரமான ஓக் மரப்பெட்டியில் கிடக்கும் காரீயம் சாம்பல் பூத்துப் பொடியும், அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வெள்ளீயம் பூத்து நான் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருப்பேன்? கலப்படமில்லாத வெள்ளீயத்தை நான் என்றைக்கு வார்த்தேன்? என் தட்டுகள் எல்லாம் சமையலறை அடுப்புப் பக்கத்தில் சூடாக இருப்பவை. இதையெல்லாம் அந்த ஏணியில் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அந்த ஆள் நகத்தால் தட்டியதுதான் காதில் கேட்டது.

"என்னப்பா கொன்ராட்?" என்று கீழேயிருந்து போதகர் கேட்டார்.

"காரீயம் ஐயா" என்றேன். "காரீயம்தான் இப்படிப் பூக்கும். சுத்தம் சுத்தம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, நம்ம தலையில மிளகாய் அரைச்சிருக்கான்."

சந்தோஷமாக இருந்தது எனக்கு. அதையும் எழுதிவிடுகிறேன்.

வெண்ட்லரை வரவழைத்தார்கள். மூன்று மணி நேரம் பனியில் நடந்து வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குழல்களையே பார்த்தார். பொடியை எடுத்து விரலில் தேய்த்தார், நாக்கில் வைத்தார்.

"இது என்னன்னு எனக்குத் தெரியலை" என்றார். "ஆனா காரீயம் இல்லை."

"அப்ப ஒரு குழல்ல துண்டு வெட்டி உருக்கிப் பார்த்துடலாமே. சந்தேகம் தீர்ந்துடும்" என்றார் சபைப் பெரியவர் பெர்ட்ராம்.

"யாரு உருக்குவா?"

"நம்ம லேமன்தான்."

வெண்ட்லர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆறுக்கு ஒண்ணு போடறவன் என் குழலை வெட்டறதா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது. இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்க்கிறேன். இல்லைன்னு நான் சொன்னா அது போதாதா?"

போதவில்லை. மடியில் கனமிருப்பதால்தான் பயப்படுகிறான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஒரே ஒரு துண்டு, என் உள்ளங்கை அளவு, கொடுத்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அந்த மனிதனின் தலைக்கனத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கொடுக்கும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு பிரசங்க மேடையிலிருந்து அறிவிப்பு வாசித்தார்கள். மேஸ்திரி வெண்ட்லர் ஒப்பந்தத்துக்கு மாறாகக் கள்ள உலோகம் பயன்படுத்தியதாகச் சபை காண்கிறது. அதையே நகல் எடுத்துச் சுற்றுவட்டாரச் சபைகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். திருச்சபை மேலிடத்துக்கும் ஒன்று போயிற்று. விசைப்பலகைக்கு மேலிருந்த பொன் எழுத்தைத் தச்சன் இழைப்புளியால் சீவி எடுத்தான். அதற்கப்புறம் ஒரு கோயிலும் அவரைக் கூப்பிடவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வேறு பட்டறைக்குப் போனார்கள். அவர் நூற்கும் ராட்டினங்களுக்குச் சக்கரம் கடைந்தார், காப்பிக்கொட்டை அரைக்கும் பெட்டிகளுக்குக் கைப்பிடி போட்டார். பன்னிரண்டு ஆர்கன் செய்த கை. ஐம்பத்து நான்கில் நெஞ்சில் சளி கட்டி, ஒன்பது நாள் படுத்து, இறந்துபோனார். அடக்கத்துக்கு நான் போகவில்லை.

அதற்கு ஒரு வருடம் முன்பே எங்கள் கோயிலில் வேறொருவர் செய்த புது ஆர்கன் வந்துவிட்டது. குழலெல்லாம் மூன்றில் ஒரு பங்கு காரீயம். இன்றுவரை ஒரு புள்ளி விழவில்லை. பழைய குழல்களை மணிக்கூண்டுக்குக் கீழே குவித்திருந்தார்கள். இடம் வேண்டும் என்று, "காரீயம்தானே, ஜன்னல் கண்ணாடிக்குப் பட்டை வார்க்க வச்சுக்கோ" என்று என் தலையில் கட்டினார்கள். என் கொட்டகையில் தொடாமல் கிடந்தன. அவர் இறந்து ஆறு வாரம் கழித்து, ஒரு ஜன்னல் வேலை வந்தபோது, உதிராமல் மிஞ்சியிருந்த ஒரு குழலை வெட்டி உருக்கினேன்.

உருகியபோதே தெரிந்துவிட்டது. காரீயம் கலந்திருந்தால் மேலே நீலமும் மஞ்சளுமாக ஆடை கட்டும். இது கண்ணாடியாகத் துலங்கியது. ஒரு கட்டி வார்த்து ஆறவிட்டு வளைத்தேன். சுத்த வெள்ளீயம் வளையும்போது உள்ளே நொறுங்குவதுபோல் ஒரு சத்தம் போடும், எங்கள் தொழிலில் அதை அழுகை என்போம். காரீயம் சேர்ந்தால் அந்தச் சத்தம் அடங்கிப்போகும். என் கையில் இருந்த கட்டி அழுத அழுகையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. இன்னும் நாலு குழலை உருக்கினேன். நாலும் அப்படியே. ஒரு துளி கலப்படம் இல்லை. சுத்தமான உலோகம் அந்தக் குளிரில் ஏன் அப்படி நோய்ப்பட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் கொஞ்சம் காரீயம் கலந்து ஏமாற்றியிருந்தால் குழலும் பிழைத்திருக்கும், அவரும் பிழைத்திருப்பார்.

அந்தக் கட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஹோன்ஃபெல்டுக்கு நடந்தேன். ரெகினாவுக்கு எழுபது வயது ஆகியிருந்தது. உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"இதைச் சொல்லவா மூணு மணி நேரம் நடந்தே? அந்தத் தகடு வார்க்கும்போது பக்கத்துல நின்னவ நான். எனக்கு எதுக்குச் சொல்றே?"

"மன்னிப்புக் கேட்கலாம்னுதான் மேஸ்திரியம்மா..."

"என்கிட்ட எதுக்கு மன்னிப்பு? மேடையில வச்சுத்தானே அவர் பேரை வாசிச்சீங்க? அதே இடத்துல, அதே ஜனங்க முன்னாடி, இல்லைன்னு சொல்லு. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

போதகரிடம் போனேன். கட்டியைக் காட்டினேன், வளைத்தும் காட்டினேன்.

"கொன்ராட், இது மேலிடம் வரைக்கும் போன விஷயம். இப்ப மாத்திச் சொன்னா நாளைக்கு மேடையில நான் சொல்ற எதை ஜனங்க நம்புவாங்க? செத்தவர் ஆண்டவர்கிட்ட இருக்கார். அவருக்குத் தெரியாததா?"

"ஆண்டவருக்குத் தெரியும் ஐயா. ஸ்டைன்ரோடாவுக்குத்தான் தெரியாது."

"வீட்டுக்குப் போப்பா" என்றார்.

நானே சொல்லிவிடுவது என்று தீர்மானித்து ரெகினாவுக்கு ஆள் அனுப்பினேன். சீர்திருத்தத் திருநாள் ஆராதனைக்கு வந்தாள். கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை.

பிரசங்கம் முடிந்தது. போதகர் ஆமென் சொல்லிப் புத்தகத்தை மூடியதும் நான் எழுந்தேன்.

"சபையாரே, வெண்ட்லர் மேஸ்திரி..."

போதகர் என்னைப் பார்த்தார். ஆர்கன் மாடத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வாத்தியார் எல்லா விசையையும் திறந்துவிட்டு ஆர்கனை அலறவிட்டார். கடைசி ஞானப்பாட்டை எங்கள் ஊரில் நின்றுதான் பாடுவார்கள். முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள். பேச எழுந்த நான் பாட எழுந்தவர்களில் ஒருவனாகிவிட்டேன். "அவர் பொய் சொல்லலை! சுத்த வெள்ளீயம்!" என்று இரண்டு தரம் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் வரி தெரியாமல் தடுமாறுகிறேன் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற பெர்ட்ராம் தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, விரலை வரியில் வைத்துக் காட்டினார்.

பாட்டுக்கு ஐந்து சரணம். முடிந்தபின் சொல்லலாம் என்று காத்திருந்தேன். மூன்றாவது சரணத்தில் என் தைரியம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எப்போது ஆரம்பித்தேன் என்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அந்தக் கோயிலில் ரெகினா ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாடிக்கொண்டிருந்தேன்.