மெயின்லேண்ட் மிதவையும் குட்டைக் கயிறும்

போர்ட் பிளேரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்துக்கு நான் உதவியாளன். பெரிய பதவியில்லை. ஆனாலும் எங்கள் மாணவர் அணி செய்த கடல்நீர் வெப்பமானி மக்கர் பண்ணினால், இரண்டு வருடமாக "சார்!" என்று என்னிடம்தான் ஓடி வந்தார்கள்.

மெயின்லேண்ட் என்று நாங்கள் சொல்லும் இந்தியக் கரையில், சென்னைக் கல்லூரி அணி ஒன்றோடு அவர்களுக்கு வீடியோ காலில் சிநேகமானது. அத்தோடு நான் தீர்ந்தேன். பேட்டரி எத்தனை நாள் வரும்? அக்கா சொன்னாங்க. சால்டரிங் ஏன் விட்டுப்போச்சு? அக்கா சொன்னாங்க. அந்த அக்கா அங்கே அணித்தலைவி, வயது இருபத்தொன்று. எனக்கு ஐம்பத்திரண்டு. பொறாமைப்பட்டேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வயிறெரியப் பட்டேன்.

அக்கா அணி, கடலை அளக்கும் கருவி வைத்த ஒரு மிதவையோடு கப்பலில் வந்து இறங்கியது. எங்கள் பிள்ளைகள் என்னை அறிமுகப்படுத்திய விதம்: "இவர் லேப் சார். சாவி இவர்கிட்டதான் இருக்கும்."

அமாவாசைக்கு மறுநாள், காலை ஐந்து மணி. வெளிச்சம் வந்துவிட்டது, கடல் நன்றாக வற்றியிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நங்கூரமாகக் கான்கிரீட் கட்டையை இறக்கி, மிதவையை அதோடு கட்டும் கயிற்றை ஆழத்துக்கு மேல் ஒரு முழம் விட்டு வெட்டினாள் அக்கா. சென்னையில் கட்டிப் பழகிய கை. அங்கே கடல் ஏறுவதும் இறங்குவதும் கம்மி. இங்கே அமாவாசையை ஒட்டி ஆள் உயரம் ஏறும். எங்கள் பிள்ளைகள் எப்போதும் படகுத்துறை ஜெட்டித் தூணில் கட்டுகிறவர்கள். கயிற்றுக் கணக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. அக்கா வெட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்று நின்றார்கள்.

நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. கடல் ஏறிக் கயிறு எட்டாமல் மிதவை முழுகட்டும், தன்னால் "சார்!" என்று வருவார்கள்.

எல்லோரும் சேர்ந்து அபர்டீன் பஜாருக்குப் பூரி சாப்பிடப் போனார்கள். "சார், நீங்க பாத்துக்கோங்க." பார்த்துக்கொண்டேன். ஏழு மணிக்கு மிதவை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆனந்தமாகப் போன் போட்டேன்.

"உங்க அக்கா மிதவை முங்கப்போகுது போலிருக்கே?"

"அரே சார்!" எங்கள் அணிப் பெண் அலறினாள். "நம்ம வெப்பமானி போர்டும் அதுக்குள்ளதான் இருக்கு! இடம் இருக்குன்னு நேத்து அக்காதான் வெச்சாங்க. அந்த மூடி முங்கினா தாங்காது. ஒரு வருஷ வேலை சார், ஜல்தி புடிங்க!"

செருப்பை ஜோடி சேர்த்துக் கரையில் வைத்தேன். செல்போனைச் சட்டைப் பையோடு கடலுக்குள் கொண்டுபோனேன். தொடையில் ஏதோ உரசியது. முதலை என்று கத்தினேன். என் பெல்ட் நுனி. மிதவைக் கயிற்றின் முடிச்சு ஊறிப்போய் இறுகியிருந்தது. நகம் பெயர அவிழ்த்து, எந்த மிதவை முழுகட்டும் என்று காத்திருந்தேனோ அதையே நெஞ்சோடு அணைத்தபடி கரையேறினேன். எதிரே ஆட்டோவிலிருந்து மொத்தக் கூட்டமும் இறங்கியது.

"கயிறு குட்டை," என்று மூச்சு வாங்கினேன். "இங்க ஆள் உயரம் ஏறும்."

அக்கா என்னையே பார்த்தாள். "காலைலயே தெரியுமா சார்?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"எல்லாத்தையும் உன்னையே கேக்குறாங்களேம்மா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே நாலைந்து சொட்டு. துடைத்தாள். பிறகு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். "வேற என்னென்ன தப்புப் பண்ணியிருக்கோம்? இப்பவே சொல்லிடுங்க."

சொன்னேன். மழை பிடித்தால் நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பும், எத்தனை நாளில் அடியில் சிப்பி ஒட்டும், எந்த ஸ்க்ரூ துருப்பிடிக்கும். ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள்.

"சார்," என்றாள் எங்கள் அணிப் பெண், உதட்டைச் சுழித்து. "இதெல்லாம் எங்களுக்குச் சொன்னதே இல்ல. அக்காவுக்கு மட்டும் சொல்றீங்க."

அந்தச் சுழிப்பின் வலி எனக்குத் தெரியாததா? இரக்கப்பட்டிருக்க வேண்டும். நான் அக்கா பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.