கட்டிலுக்கு அடியில் இருந்த குழாய்கள்

எனக்கு மூச்சு இழுப்பு வந்த நாளிலிருந்து, மருமகள் மேலே ஒட்டிவரும் வெடிமருந்துதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு எதையும் நேரே சொல்ல வராது. பட்டாசுக் கம்பெனியிலிருந்து அவள் விரலெல்லாம் வெள்ளி பூசியதுபோல வந்து நிற்பாள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவேன்.

மகன் இதைக் கவனித்துவிட்டான். "அம்மாவுக்கு ஆகலைல்ல, நீ வீட்லயே இரு" என்று அவளிடம் சொல்லிவிட்டான். கம்பெனி வேனில் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறவள் அவள். மனசில்லாமல் வேலையிலிருந்து நின்றாள்.

சும்மா இருக்கமாட்டாமல் வெடிக்கான காகிதக் குழாய் சுற்றும் வேலையை வீட்டுக்கு வாங்கிக்கொண்டாள். மைதாப் பசை தடவிச் சுற்றி, வெயிலில் காயவைக்க வேண்டும். அந்த ஐப்பசியில் அடைமழை. ஈரக் குழாய்களை வைக்க இடமில்லாமல் அவள் முழித்தபோது, "எங் கட்டிலுக்கு அடியில தள்ளு தாயி" என்று சொன்னது நான்தான்.

இழுப்பு கூடிப்போனது. மருந்துதான் வீட்டுக்குள் வரவில்லையே, பிறகு ஏன்? ஒன்றும் புரியவில்லை. மருமகள்தான் விருதுநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

"வீட்ல ஈரம், பூசணம் ஏதும் இருக்கா?"

மருமகள்தான் பதில் சொன்னாள்: "குழாய்க் கட்டுல பச்சையாப் பூத்துக் கெடக்கு டாக்டர். இவுக கட்டிலுக்கு அடியிலதான்."

"பூசணத்துலருந்து கண்ணுக்குத் தெரியாத தூள் காத்துல பறக்கும். மூச்சோட உள்ள போயி இழுப்பைக் கூட்டும். மொதல்ல அதை வெளிய எடுங்க."

"அப்ப வெடிமருந்து?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதுவும் நெஞ்சுக்கு ஆகாது பாட்டி. முன்னால எதுனால வந்துச்சுன்னு இப்பச் சொல்ல முடியாது."

பழைய சோற்றில் பூசணம் பிடித்தால் கொட்டிவிடுவோம். தின்றால்தான் கெடுதல் என்று இருந்தேன். அது பறக்குமென்று யார் கண்டார்கள்?

பஸ்ஸில் மருமகள் கேட்டாள்: "ஏன் அத்தை, அப்ப நான் வேலைய விட்டது எதுக்கு?"

"தெரியலையே தாயி."

"மூக்கப் பொத்த மட்டும் தெரிஞ்சுதாக்கும்!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

குழாய்களை வெளியே எடுத்து, அறையைக் கழுவிவிட்ட பிறகு இழுப்பு பாதி குறைந்தது. மீதி பாதி எதனால்? அதுவும் தெரியவில்லை. ஒருநாள் அவள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நான் திரும்பக் கம்பெனிக்குப் போகட்டுமா? ஒங்க மகனைக் கேக்கல. ஒங்க வாயால சொல்லுங்க."

போ என்றால் மறுபடி வெடிமருந்து வீட்டுக்குள் வரும். இரு என்றால் அவள் முகத்தைத் தினமும் எப்படிப் பார்ப்பது? அப்போதுதான், அந்த மருந்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறவளுக்கும் நெஞ்சு உண்டே என்று எனக்கு உறைத்தது.

"ஒனக்கு மூச்சு எப்படியிருக்கு தாயி?"

"கம்பெனிக்குப் போயி ஏழு வருசம் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்" என்றாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

"போ" என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வேனில் ஏறிப் போனாள். சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.