மாப்பிள்ளை உட்கார்ந்த கூரை

மல்லசமுத்திரத்தில் மதியழகனின் காரைப் பற்றிக் கருத்து இல்லாதவர்கள் யாரும் இல்லை. அதில் ஏறி உட்கார்ந்தவர்கள் மிகச் சிலர். இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய சிறிய கார். மேலே தகரத்துக்குப் பதிலாகத் துணிக்கூரை. முன்னால் இருக்கும் கொக்கிகளை விடுவித்துப் பின்னால் தள்ளினால், கூரை தன் கம்பிகளோடு மடிந்து இருக்கைகளுக்குப் பின்னால் படுத்துக்கொள்ளும். திறந்த கார்களில் மாதச் சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாவது இந்த வகை ஒன்றுதான். அதுவும் பழைய வண்டியாகத் தேடி வாங்க வேண்டும்.

மதியழகன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி உதிரிபாகக் கடை ஒன்றின் மேலாளர். இளம் வயதில் ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டியோடு வடமாநிலங்களைச் சுற்றியவர். அப்போது லாரியின் மேல் குழாய் அடுக்கில் உட்கார்ந்துகொண்டே ஊர் ஊராகப் போனதாகவும், அந்தக் காற்றுக்காகத்தான் ஐம்பது வயதுக்கு மேல் இந்தக் காரை வாங்கியதாகவும் சொல்வார். காரணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆசைக்குப் பின்னால் வந்து சேருவது. இருந்தாலும் இவர் சொல்வதை நம்பலாம் என்றே தோன்றுகிறது.

கூரையைத் திறந்துகொண்டு முதல்முறை கடைவீதி வழியாகப் போனபோது டீக்கடையில் இருந்த ஒருவர் கேட்டார்: "மதியண்ணா, எந்தக் கட்சிங்க? சொல்லவே இல்லீங்க."

"கட்சியெல்லாம் இல்லீங்க. சும்மா ஊட்டுக்குப் போறேன்."

"ஊட்டுக்குப் போறதுக்கா இப்படிப் போறீங்க?"

திறந்த வண்டி என்றால் வேட்பாளர் வருவார், இல்லையென்றால் மாப்பிள்ளை வருவார். சும்மா ஒரு மனிதர் வருவது ஊருக்குப் புதிது.

சேலம், ஈரோடு, கோவை பக்கத்துத் திறந்த கார்க்காரர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குழு உண்டு. மதியழகன் அதில் சேர்ந்தார். ஏற்காடு மலைப்பாதையில் கூரையைத் திறந்து ஓட்டாதவன் காரே ஓட்டாதவன் என்று ஒருவர் எழுதுவார். மழையில் கண்ணாடி ஓரமாக ஒழுகும் தண்ணீர் சரியாக வலது முழங்காலில் விழும் என்பார் இன்னொருவர். எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி ஒன்றுதான்: நாமக்கல் பக்கம் கோழி வண்டிக்குப் பின்னால் போகக்கூடாது. மற்றபடி, காரை வாங்கியவர் புகழ்வது தன் முடிவை. வாங்காதவர் பழிப்பதும் தன் முடிவைத்தான். காருக்கு இதில் பங்கு குறைவு.

மதியழகனின் மனைவி ஜோதி பள்ளி ஆசிரியை. கூரை மூடியிருந்தால் மட்டும் அந்தக் காரில் ஏறுவார். "ஏனுங்க, ஊட்டுக்குக் கூரை வேணும்னு அவனவன் லோன் போடறான். நீங்க கூரை இல்லாததுக்குக் காசு குடுத்திருக்கறீங்க" என்பது அவர் கருத்து. பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார் எல்லோரும் சாலையில் நின்று பார்ப்பார்கள் என்பது அவர் கூச்சம். தை மாதம் அண்ணன் மகள் சத்யபிரியாவின் கல்யாணம் முடிந்ததும் நாமக்கல்லில் காருக்குத் தகரக் கூரை போட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அங்கே லாரிக்குப் பாடி கட்டும் மோகன்குமார், ஏற்கெனவே வந்து அளவும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

மதியழகன் மறுக்கவில்லை. மனைவி விரும்பி ஏறாத கார் பாதிக் கார்தான் என்பது அவருக்கும் தெரியும். அதற்குள் ஒரே ஒரு முறை, கூரையைத் திறந்து ஜோதியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. கேட்டும் பார்த்தார். "பாக்கலாம்ங்க" என்றார் ஜோதி. எங்கள் பக்கத்தில் அதற்கு மாட்டேன் என்று பொருள்.

கல்யாணம் ராசிபுரத்தில். மாப்பிள்ளை அழைப்புக்கு வாகனம் ஏற்பாடு செய்வது பெண்வீட்டார் பொறுப்பு. "மாப்ள, உங்க கார் இருக்கையில வெளிய எதுக்குங்க சொல்லோணும்?" என்றார் ஜோதியின் அண்ணன். மறுக்க முடியாத கேள்வி அது. முதல் நாள் மாலை பிள்ளையார் கோவில் வாசலில் காரைத் திறந்து, பூச்சரம் கட்டி நிறுத்தினார்கள். மாப்பிள்ளை சந்தோஷ்குமார் மாலையோடு மதியழகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் தாழ்வானது. சுற்றிலும் மேளக்காரர்களும் உறவினர்களும் நின்றதும் மாப்பிள்ளை காணாமல் போய்விட்டார்.

"மாப்பிள்ளை எங்கீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி கேட்டார். "டிரைவரு மட்டுந்தான் தெரியறாரு."

"மேல ஏறி உக்காருங்க மாப்ள" என்றது கூட்டம். மடித்து வைத்த கூரையின்மேல் சந்தோஷ்குமார் ஏறி உட்கார்ந்தார். நல்ல உடம்புக்காரர். தோழனாக வந்தவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கம்பி வளையும் சத்தம் மதியழகனுக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் மாப்பிள்ளையைக் கீழே இறங்கு என்று பெண்வீட்டார் சொல்ல முடியுமா? மண்டபம் வரை முதுகுப்புறத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, முகத்தில் சிரிப்போடு ஓட்டினார்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து, பெண்கள் வந்த வேன் மணமக்களோடு மாப்பிள்ளையின் ஊரான ஆத்தூருக்குப் போய்விட்டது. ஜோதி, மதியழகனோடுதான் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

"மூடுங்க, போலாம்" என்றார்.

மதியழகன் கூரையை இழுத்தார். பாதி எழுந்து நின்றுவிட்டது. ஜோதியும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தார். வரவில்லை.

"வேணும்னே பண்றீங்களா?"

"நானா? உங்க ஊட்டு மாப்பிள்ளைகிட்டக் கேளு."

பேருந்தில் போகலாம்தான். ஆனால் ஒரு கையில் சீர்ப் பலகாரக் கூடை, மறு கையில் பட்டுப்புடவைப் பை. பாதி எழுந்த கூரையை மதியழகன் திரும்பப் பின்னால் தள்ளினார். ஜோதி முந்தானையைத் தலையைச் சுற்றி இறுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

ராசிபுரத்தைத் தாண்டும்வரை குனிந்தே இருந்தார். வெண்ணந்தூரில் விசைத்தறிச் சத்தம் இரண்டு பக்கமும் காதில் மோதியது. பேருந்து நிறுத்தத்தில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பேருந்து வருகிறதா என்று திரும்பிக்கொண்டார்கள். அது ஜோதிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம். சிறிது தூரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வழியில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் ஒன்று. களத்தில் கிழங்குமாவு வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. புளித்த நாற்றம் காருக்குள் இறங்கியது.

"நாத்தம் தாங்கலையா?" என்று மதியழகன் கேட்டார்.

"இது கண்ணாடி ஏத்துனாலும் வரும், ஏத்தாட்டியும் வரும். நீங்க ரோட்டப் பாருங்க."

அடுத்த திருப்பத்தில் ஒரு கோழி வண்டி முன்னால் வந்து சேர்ந்தது. இறகுகள் பறந்து வந்தன. ஒன்று பலகாரக் கூடையில் விழுந்தது, ஒன்று ஜோதியின் நெற்றியில் ஒட்டியது. மதியழகன் வேகத்தைக் குறைத்தார்.

"பின்னாலயே போனா ஊடு போறதுக்குள்ள நானே கோழியாயிருவேன். முந்துங்க."

"பயமில்லையா?"

"முந்துங்கன்னு சொல்றேனில்ல."

முந்தினார். முந்தானை அவிழ்ந்து பின்னால் பறந்தது. ஜோதி அதைப் பிடித்து மடியில் செருகிக்கொண்டார். திரும்பத் தலையில் கட்டவில்லை. ஊர் எல்லை வந்தபோது, கடைவீதியைத் தவிர்த்துச் சுற்றிப் போகும் சாலையில் மதியழகன் திருப்பப் பார்த்தார். ஜோதிக்காகத்தான்.

"எதுக்குச் சுத்திக்கிட்டு? நேராவே போங்க" என்றார் ஜோதி.

இரண்டொரு நாளில் மோகன்குமாரிடமிருந்து அழைப்பு வந்தது. மதியழகன் குளித்துக்கொண்டிருந்ததால் ஜோதி எடுத்தார். தகடு தயாராக இருக்கிறது, வண்டியைக் கொண்டு வரலாம் என்றார் அவர்.

"கூரை வேண்டாம்ங்க தம்பி. கம்பி வளைஞ்சிருக்குது, அதை மட்டும் நிமித்திக் குடுங்க. அவசரமில்லீங்க. மழைக்கு முன்னாடி ஆனாப் போதும்."

குளியலறையிலிருந்து வந்த மதியழகன் தலையைத் துவட்டிக்கொண்டே அதைக் கேட்டார். கேட்காதவர்போல அறைக்குள் போய்விட்டார். கெட்டிக்காரத்தனம்.

அந்த வாரம் குழுவில் புதியவர் ஒருவர், இந்தக் காரை வாங்கலாமா, நிறை குறைகளைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். மதியழகன் குறைகளை எழுதினார். ஒழுகும். தூசி வரும். இறகு வரும். உயரமானவருக்கு ஆகாது. மாப்பிள்ளைக்கு அறவே ஆகாது. நிறைக்கு வந்ததும் நின்று, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டார்: "நல்லதுன்னு என்னத்தப் போடறது?"

ஜோதி நிமிரவில்லை. "வேகமாப் போனாப் பக்கத்துல இருக்கறவங்க பேசறது கேக்காது. அது நல்லதா கெட்டதான்னு நீங்களே பாத்துப் போட்டுக்குங்க."

மதியழகன் அதை எந்தத் தலைப்பின் கீழும் சேர்க்காமல், தனி வரியாக எழுதி அனுப்பினார்.