தண்ணி வருது

கண்ணுச்சாமி மாந்தோப்புக் காவல்காரர். ஆனால் ராஜபாளையத்தில் அவரைப் போலப் பயந்த ஆளைப் பார்க்க முடியாது. திருடனுக்கோ பாம்புக்கோ அல்ல, தோப்பை ஒட்டிப் போகும் ஓடைக்குத்தான் பயம். சிறு வயதில், வெயில் காய்ந்த ஒரு பகலில், மாடும் வண்டியும் ஓடையோடு போனதைக் கண்ணால் பார்த்தவர்.

வருஷம் முழுக்க வெறும் மணலாகக் கிடக்கும் ஓடை அது. அய்யனார் கோவிலுக்குத் தெற்கே மலையிலிருந்து இரண்டு சிற்றோடைகள் இறங்கித் தோப்புக்கு மேலே கூடும். மூன்றாவது, தோப்பு தாண்டி வந்து சேரும். அப்புறம் ஒரு வளைவு, ஓடைக்கரைத் தெரு, கடைசியில் செட்டியார்பட்டிப் பக்கத்துக் கண்மாய். மூன்றையும் அவர் நடந்தே பார்த்திருந்தார். பயம்தான் நடக்க வைத்தது. கூடுமிடத்தில் தண்ணீர் புரண்டால் தெருவுக்கு வர இரண்டு பீடி இழுக்கும் நேரம் ஆகும் என்பதுவரை தெரியும்.

எண்பத்தேழு கோடையில் ஊரே தாகத்தில் தவித்தது. வாரம் ஒருமுறை வரும் தண்ணீர் லாரிக்குத் தெருவுக்குள் திரும்ப இடமில்லாததால், ஓடை மணலில்தான் நிற்கும்.

ஒரு மத்தியானம் மலை உச்சி மட்டும் கறுத்தது. தோப்பில் ஒரு சொட்டு இல்லை. கூடுமிடத்தில் சருகும் நுரையுமாகச் செந்தண்ணீர் புரண்டது. கீழே ஆடு மேய்ப்பவர்கள் இருப்பார்களே என்று கண்ணுச்சாமி கரையோடு ஓடிக்கொண்டே கத்தினார்.

"தண்ணி வருது! ஏலே, தண்ணி வருது!"

வளைவு திரும்பினார். நடு ஓடையில் பதினோரு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். லாரி வருகிறதாம்! முதல் ஆளாக அவர் மனைவி பரிபூரணம், முந்தி இடம் பிடித்த மிதப்பில்.

தொண்டை வரை வந்த சொல்லை விழுங்கினார். இன்னொரு முறை தண்ணி என்றால் இன்னும் பத்துப் பேர் இறங்குவார்கள்.

"ஆனை! ஆனை வருது! மேல ஏறுங்க!"

குடங்கள் உருண்டன. பெண்கள் அலறியடித்துக் கரையேறினார்கள். பரிபூரணம் மட்டும் பித்தளைக் குடத்தை எடுக்கத் திரும்பினாள். கண்ணுச்சாமி ஓடைக்குள் குதித்து அவளைத் தரதரவென்று இழுத்து மேலே போட்டார். செத்த நேரத்தில் கரை முட்ட வெள்ளம் போனது.

தெருவே அவரைக் கொண்டாடியது. பரிபூரணம் அவர் கையை விடாமல் அழுதாள்.

"நீங்க மட்டும் ஆனைன்னு கத்தலைன்னா இந்நேரம் அம்புட்டுப் பேரும் கண்மாயில மிதந்திருப்போம். மொதல்ல தண்ணி வருதுன்னு கத்துனானே, அந்தக் கட்டையில போறவன் எவன்னு தெரியலையே! தெரிஞ்சா பதினோரு பேருமாச் சேந்து அவன இந்த மணல்லயே பொதச்சிருவோம்."

"எவனோ ஒருத்தன்" என்றார் கண்ணுச்சாமி.

ஒவ்வொரு கோடையிலும் அவள் அதையே சொல்லித் திட்டுவாள். தொண்ணூற்றெட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் அவர் கண்ணை மூடும்வரை அதே பதில்தான்.